மேஸ்திரி பேரைச் சொல்ல ஒரு ஆள்

நம்பிக்கை இழப்பதில் இத்தனை உற்சாகம் காட்டிய ஒரு மனிதரை நான் மரக்காணத்துக்கு வடக்கேயும் பார்த்ததில்லை, தெற்கேயும் பார்த்ததில்லை. நீங்களும் நானும் நாலு அடி வாங்கிய பிறகுதான் மனம் உடைவோம். அவர் அடி விழுவதற்கு முன்பே உடைந்துபோவார். அடி விழாமல் போய்விட்டால், அதற்காக இன்னொரு முறை உடைவார்.

உப்பளத்தில் மேஸ்திரி. ஊர் வைத்த பேர் ‘போச்சு மேஸ்திரி’. காலையில் வரப்பில் நின்று வானத்தைப் பார்ப்பார். தெற்கே கைக்குட்டை அளவுக்கு ஒரு மேகம் இருந்தால், “போச்சு. அத்தனையும் கரைஞ்சுது” என்பார். உப்பளக்காரனுக்கு மழை எமன், அதனால் இதையாவது மன்னித்துவிடலாம். மேகமே இல்லாத நாளில் என்ன சொல்வார் தெரியுமா? “ஒரு பொட்டு மேகம் இருக்குதா பாரு. இவ்ளோ சுத்தமா இருந்தா மேல ஏதோ சதி நடக்குதுன்னு அர்த்தம். போச்சு.”

இரண்டாயிரத்து நாலிலிருந்து ஏழு வரை மரக்காணம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் நான் ஒரு வீடியோ ஸ்டுடியோ வைத்திருந்தேன். ஸ்டுடியோ என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு கேமரா, ஒரு டி.வி., ரோஜாத் தோட்டம் வரைந்த ஒரு திரை, ஒரு ஸ்டூல். அந்த ஸ்டூல் மேஸ்திரியுடையது. வேலை முடிந்து, முழங்கால் வரை உப்பு பூத்த காலோடு வந்து உட்காருவார். ஒரு டீ. அன்றைக்கு ஊரில் நாசமாய்ப் போனவை, நாளைக்கு நாசமாய்ப் போகவிருப்பவை என்று தலைப்புச் செய்திகள் வாசிப்பார். பிறகு எழுந்து வீட்டுக்குப் போவார்.

ஒருமுறை அவரோடு பாண்டிச்சேரிக்கு பஸ்ஸில் போனேன். வண்டி கிளம்பியதுமே, “இது கூனிமேடு தாண்டாது, எழுதி வெச்சிக்கோ” என்றார். கூனிமேடு தாண்டியது. முகம் சுண்டிப்போயிற்று. “பொம்மையார்பாளையத்துல படுத்துடும்” என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். அங்கேயும் அது படுக்கவில்லை. பாண்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது டிரைவரை அவர் பார்த்த பார்வை இருக்கிறதே, கொடுத்த வாக்கைக் காப்பாற்றாதவனைப் பார்க்கிற பார்வை.

அவர் மகன் கல்யாணத்தை நான்தான் எடுத்தேன். பெண் கிளியனூர். தாலி கட்டுகிற நேரத்தில் ஊரே அட்சதை போடுகிறது, மேஸ்திரி மட்டும் பந்தல் காலைப் பிடித்து ஆட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மேளச் சத்தத்தையும் மீறி அவர் குரல் கேசட்டில் விழுந்திருக்கிறது: “இது தாங்காது.” அவர் பந்தலைச் சொன்னாரா கல்யாணத்தைச் சொன்னாரா என்று சம்பந்தி வீட்டில் தை மாதம் வரைக்கும் முறைத்துக்கொண்டு திரிந்தார்கள்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் எனக்குப் பாவம். அந்த டிசம்பர் ஞாயிற்றுக்கிழமை கடல் உள்ளே வந்ததே, அன்றைக்கு அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வரவில்லை. குப்பத்திலிருந்து ஓடி வந்தவர்களை வீட்டுக்குள் உட்கார வைத்து, பானையில் இருந்ததை எல்லாம் வழித்து வழித்துக் கொடுத்தார். மறுநாள் உப்பளத்துப் பாத்திகள் சேறு மூடிக் கிடந்தன. எனக்குத் தாங்கவில்லை. “எல்லாம் போச்சே மேஸ்திரி” என்றேன். “வாயக் கழுவுடா மொதல்ல” என்று கையை ஓங்கிக்கொண்டு வந்துவிட்டார். மண்வெட்டியை எடுத்து அவர்தான் முதலில் பாத்தியில் இறங்கினார்.

இப்பேர்ப்பட்ட மனிதருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசைதான். பேரனுக்குத் தன் பேரை வைக்க வேண்டும்.

இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. எங்கள் பக்கத்து வழக்கம்தான், மகன் வயிற்றுப் பேரனுக்குத் தாத்தா பேர். மேஸ்திரி தன் பங்கை ஒழுங்காகச் செய்தவர். தன் அப்பா பேரைத் தன் ஒரே மகனுக்கு வைத்திருந்தார். அந்தப் பேர் மண்ணாங்கட்டி. பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில், எமன் திரும்பிப் பார்க்காமல் போகட்டும் என்று இப்படி ஒரு பேர் வைப்பார்கள். தாத்தாவுக்கு அது உயிர் கொடுத்த பேர். பேரனுக்குப் பள்ளிக்கூடத்தில் உயிரை எடுத்த பேர்.

சரி, வீட்டிலாவது யாராவது அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்களா என்றால் அதுவும் கிடையாது. மேஸ்திரியின் மனைவி மேஸ்திரியம்மாவுக்கு அது மாமனார் பேர், வாயில் வரக் கூடாது. மேஸ்திரிக்கு அது அப்பா பேர், ‘டேய்’ சேர்க்க மனசு வராது. ஆகவே பையன் ‘தம்பி’ என்றே வளர்ந்தான், ‘தம்பி’ என்றே மீசையும் வைத்தான். பையன் தப்பு செய்தால் மேஸ்திரிதான் அழுவார். “எங்கப்பன் பேர வெச்சிக்கினு இப்படிப் பண்றியே தம்பி!” என்று கும்பிடுவார். அடி வாங்கியிருந்தால்கூட அந்தப் பையன் சந்தோஷப்பட்டிருப்பான்.

பாண்டியில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்ததும் தம்பி செய்த முதல் காரியம், சட்டப்படி தன் பேரை மணிகண்டன் என்று மாற்றிக்கொண்டது. அன்றைக்கு மேஸ்திரி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். டீ வேண்டாம் என்றார்.

“எங்கப்பன நான் ஒரு தடவதாம்பா பொதச்சேன். எம்புள்ள ரெண்டாவது தடவ பொதச்சிட்டான்.”

சிரிப்பதா கூடாதா என்று தெரியாமல் நான் கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

“அப்பன் பேரே தங்கல. எம்பேரு எங்கப்பா தங்கப்போவுது? போச்சு.”

அவர் பேர்தான் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்கும் வெகுநாள் தெரியாது. கல்யாண கேசட்டுக்கு டைட்டில் போட உட்கார்ந்தபோது பத்திரிகையை எங்கேயோ தொலைத்துவிட்டிருந்தேன். நேரே வீட்டுக்குப் போய் மேஸ்திரியம்மாவிடம் கேட்டேன்.

“அம்மா, மேஸ்திரி பேரு இன்னா?”

அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். “காஞ்சிபுரத்துல சாமி இருக்குதில்ல தம்பி…”

“காமாட்சியா?”

“அட, ஆம்பளைக்குப் போயி காமாட்சின்னா வெப்பாங்க? அவங்க வூட்டுக்காரரு.”

“வரதரா?”

“ஐய, அது வேற கோயிலு! மாமரத்தடில இருக்குறவரு.”

இப்படிக் கோயில் கோயிலாகச் சுற்றி ஏகாம்பரத்துக்கு வந்து சேர்ந்தபோது எனக்குக் காஞ்சிபுரம் போய்த் திரும்பிய களைப்பு. “ஏகாம்பரமா?” என்று நான் சொன்னதும் அந்த அம்மா சட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். சாமிக்கா புருஷனுக்கா என்று நான் கேட்கவில்லை.

மறு வருஷம் மருமகள் கவிதா பிள்ளை உண்டானாள். கவிதா ப்ளஸ் டூ படித்த பெண். பேசினால் பட்டுப் பட்டென்று பேசுவாள், மாமனாரிடம் மட்டும் கொஞ்சம் தாழ்த்திப் பேசுவாள். ஏழாம் மாதத்திலிருந்தே மேஸ்திரி என்னை விரட்ட ஆரம்பித்தார். “பேட்டரி ஏத்தி வெச்சிக்கோ. ஏகாம்பரம் எப்ப வேணா வந்துருவான்.” வந்தது பெண் குழந்தை. ஆஸ்பத்திரி வாசலில் மேஸ்திரி அந்த ஒரு வார்த்தையைச் சொன்னார். மேஸ்திரியம்மா பிடித்துக்கொண்டார்.

“ஒங்க வாயில வசம்ப வெச்சுத் தேய்க்க! மகாலட்சுமி வந்திருக்கா, போச்சாமே போச்சு!”

குழந்தைக்கு ஹர்ஷினி என்று பேர் வைத்தார்கள். “சளி புடிச்சவன் மூக்கு சிந்துற மாதிரி இருக்குது. இது ஒரு பேரா?” என்றார். ஆனால் அந்தக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ‘அம்மாளு, அம்மாளு’ என்று உப்பளம் முழுக்கச் சுற்றியதும் அவர்தான். பாத்தி பாத்தியாகக் காட்டி, எது எது எப்போது கரையும் என்று அதற்குப் பாடம் நடத்துவார்.

பேரன் வருகிற வரை பேரைச் சும்மா வைத்திருப்பானேன் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. தன்கீழ் வேலை செய்த ஒருத்தனுக்குப் பையன் பிறந்தது. அவன் வீட்டில் பெரியவர்கள் யாரும் இல்லை, பேருக்குப் போட்டி இல்லை. மேஸ்திரி மெதுவாகப் பேச்சை எடுத்தார். அவனும் பெரிய மனசு பண்ணி ஏகாம்பரம் என்றே வைத்தான். மேஸ்திரி இரண்டு நாள் தரையில் நடக்கவில்லை. மூன்றாம் நாள் அந்தப் பக்கம் போனார். பிள்ளையின் அம்மா இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டு, “மேஸ்திரி, பால் குடிடா. எங்க சின்ன மேஸ்திரில்ல” என்று கொஞ்சிக்கொண்டிருந்தாள்.

“இன்னாம்மா, பேரச் சொல்லி கூப்புடலியா?”

“ஐயோ, ஒங்க பேர நாங்க வாயால சொல்றதாங்க? மரியாத இல்ல?”

அதோடு அந்த முயற்சி முடிந்தது.

பிறகு வீட்டு மாடு ஒரு காளைக்கன்று போட்டது. “இதுக்கு யாருகிட்டயும் கேக்கத் தேவையில்ல” என்று தன் பேரை அதற்கு வைத்தார். மேஸ்திரியம்மாவின் கதியை நினைத்துப் பாருங்கள். சாயங்காலம் நான் அந்தப் பக்கம் போனபோது அந்த அம்மா தவிட்டுத் தண்ணி வாளியோடு வேலியோரம் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“ஏங்க! இந்தாங்க! இருட்டுதில்ல, வாங்க! வந்து தண்ணி குடிங்க!”

அந்தப் பக்கமிருந்து கன்றுக்குட்டியும் இந்தப் பக்கமிருந்து மேஸ்திரியும் ஒரே நேரத்தில் ஓடி வந்தார்கள். வாளி யாருக்கு என்பதில் மூன்று பேருக்கும் ஒரு நிமிஷம் குழப்பம். மேஸ்திரிதான் விட்டுக்கொடுத்தார்.

இரண்டாயிரத்து ஏழில் கவிதாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. மேஸ்திரி முதல் காரியமாக வானத்தைப் பார்த்தார், இரண்டாவது காரியமாக என்னைப் பார்த்தார். “கேமரா ரெடியா?”

கேமரா ரெடி. தம்பிதான் ரெடியாக இல்லை. பாண்டியில் பேர் ராசி பார்த்து எழுத்துக் கூட்டிச் சொல்கிற ஒரு ஜோசியரைப் பிடித்து, ‘தர்ஷித்’ என்று ஒரு பேர் வாங்கி வந்துவிட்டான். விஷயம் தெரிந்ததும் மேஸ்திரி என்னை இழுத்துக்கொண்டு அதே ஜோசியரிடம் போனார். “ஏகாம்பரம்னு வெச்சா எப்படி இருக்கும்னு கூட்டிச் சொல்லுங்க சாமி.”

ஜோசியர் விரலை மடக்கினார், உதட்டைப் பிதுக்கினார். “சனி எண். ஆயுசு பூரா கவலைதான். நல்லது நடந்தாலும் அனுபவிக்க விடாது.”

மேஸ்திரி துள்ளி எழுந்தார். “பாத்தியா! பாத்தியா! நான் இத்தன வருஷமா இன்னா சொல்லிக்கினு இருக்கேன்?” என்று என் முதுகில் ஓங்கி அடித்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததே இல்லை. ஜோசியருக்குக் கும்பிடு போட்டுவிட்டு வந்து பஸ் ஏறினார். கோட்டக்குப்பம் தாண்டியபோதுதான் வழக்கில் தோற்றது தன் கட்சி என்று அவருக்கு உறைத்தது. அதற்குப் பிறகு மரக்காணம் வரை ஜன்னல் பக்கம் திரும்பி வானத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

வீட்டில் சண்டை முற்றியது. பேர் வைக்கிற நாள் எப்போது என்று கேட்கப்போய் நானும் அதில் மாட்டிக்கொண்டேன்.

“அப்பா, இந்தக் காலத்துல யாராவது ஏகாம்பரம்னு வெப்பாங்களா? கிளாஸ்ல அந்தப் பேரச் சொன்னா, ஹெட்மாஸ்டர் வந்துட்டாருன்னு பசங்கல்லாம் எழுந்து நிப்பானுங்க!”

“நிக்கட்டுமே! மரியாததானடா?”

“மரியாதையா?” தம்பியின் குரல் மாறிவிட்டது. “எனக்கு மொத இன்டர்வியூல இன்னா நடந்துச்சு தெரியுமா ஒனக்கு? பேரு கேட்டாங்க, சொன்னேன். இன்னொரு தடவ சொல்லுன்னாங்க, சொன்னேன். அப்புறம் அடுத்த ரூம்ல இருந்தவங்களக் கூப்பிட்டு, அவங்க முன்னாடி சொல்லச் சொன்னாங்க.”

மேஸ்திரி தோளிலிருந்து துண்டை எடுத்தார். “எங்கிட்ட சொல்லவே இல்லியே தம்பி நீ.”

“சொன்னா இன்னா பண்ணியிருப்ப? போச்சுன்னு சொல்லியிருப்ப.”

தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்த கவிதா மெதுவாக வாயைத் திறந்தாள்.

“மாமா, அவரு சொல்ற காரணம் வேற. என் காரணம் வேற. ஒங்க பேர வெச்சுட்டா நான் என் புள்ளய எப்படிக் கூப்பிடுறது? எனக்கும் வாயில வரக் கூடாது, அத்தைக்கும் வரக் கூடாது. மாட்டுக்கு ‘ஏங்க’ன்னா மாடு வந்துடுது, போனா போவுது. இது நான் சொமந்து பெத்த புள்ள மாமா. ஆயுசுக்கும் ‘ஏய், இந்தா’ன்னா கூப்பிடுவேன்? இவர அப்படித்தான் வளத்தீங்க. பாருங்க, பேர வெட்டி எறிஞ்சுட்டு வந்து நிக்கிறாரு. ஒங்க பேர வெச்சா இந்த வீட்ல அந்தப் பேர யாருமே சொல்ல மாட்டோம். அதுக்கு எதுக்கு மாமா வெக்கிறது?”

அவள் குரலில் கோபமே இல்லை. மேஸ்திரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார்.

சாயங்காலம் என் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். “வெக்கலைன்னாலும் போச்சு, வெச்சாலும் போச்சு. ரெண்டு பக்கமும் போற கேஸு நான் பாத்ததே இல்லப்பா” என்றார். தொழில் தெரிந்தவர் இன்னொரு தொழில் தெரிந்தவரைப் பாராட்டுகிற மாதிரி இருந்தது. நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“எங்கம்மா கடசியா கூப்பிட்டுச்சு. ‘ஏகாம்பரம், கொஞ்சம் தண்ணி குடுடா’ன்னுச்சு. குடுத்தேன். அதோட சரி. மொதலாளி மேஸ்திரின்றாரு. ஆளுங்க மேஸ்திரின்றாங்க. ஊரு போச்சுன்னுது. வீட்ல இவ ஏங்கன்றா. அம்மாவுக்கு அப்புறம் எம்பேர ஒருத்தரும் வாயால சொன்னதில்லப்பா. நான் இன்னா, செத்தப்புறம் கல்லுல வெட்டவா கேக்குறேன்? வீட்டுக்குள்ள அந்தப் பேரு ஒரு தடவ காதுல விழணும். அவ்ளோதான். அத வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு, அதான் பேரன் பேரன்னு சொல்லிக்கினு திரிஞ்சேன்.”

 அவரை அத்தனை நாள் ஒரு தமாஷாக வைத்திருந்த ஊரின் மேல் ஆத்திரமாக வந்தது. இன்னொரு டீ சொன்னேன். குடித்துவிட்டு, “நாளைக்குக் காலைல வீட்டுக்கு வா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

காலையில் போனேன். வாசலில் நடுவாக நின்றுகொண்டு மருமகளைக் கூப்பிட்டார்.

“கவிதா, இங்க வாம்மா. நீ சொன்னது வாஸ்தவம். இனிமே நீ எம்பேர தாராளமாச் சொல்லலாம், நானே சொல்றேன். கூச்சம் போவணும்ல, அதனால இப்ப எம்மூஞ்சப் பாத்து ஒரு தடவ சொல்லு.”

“ஐயோ மாமா! பாவம் புடிக்கும்!”

“புடிச்சா என்னப் புடிக்கட்டும். நீ சொல்லு.”

அவள் தூணுக்குப் பின்னால் ஓடினாள். பிறகு முகத்தை மட்டும் நீட்டி, “ஏ…” என்றாள். சிரிப்பு வந்துவிட்டது. மறுபடியும், “ஏகா…” இருமல் வந்துவிட்டது. மேஸ்திரியம்மா, “கலி முத்திப் போச்சு” என்று தலையில் அடித்துக்கொண்டார். பக்கத்து வீடுகளெல்லாம் வேலியோரம் கூடிவிட்டன. மேஸ்திரி விடுவதாக இல்லை.

“இன்னாம்மா கொசு கத்துற மாதிரி! புள்ள எங்கயோ உப்பளத்துல ஆடிக்கினு இருக்குது, இங்க சோறு ஆறிப் போவுது. அப்ப எப்படிக் கூப்பிடுவ? ‘டேய்’ போடு! கத்திக் கூப்பிடு!”

கவிதா கண்ணை இறுக மூடினாள். மூச்சை இழுத்துப் பிடித்தாள்.

“டேய் ஏகாம்பரம்! வீட்டுக்கு வாடா!”



“தோ வந்துட்டேம்மா” என்றார் மேஸ்திரி.

சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். கவிதா பயந்துபோய், “மாமா, மாமா” என்று பக்கத்தில் ஓடி வந்தாள். பின்கட்டில் பல் தேய்த்துக்கொண்டிருந்த தம்பி பிரஷ்ஷோடு வந்து நின்று அப்பாவையே பார்த்தான். “வெச்சிக்கோங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனான். ஜோசியரும், இங்கிலீஷில் எழுதும்போது கூட இரண்டு எழுத்து சேர்த்தால் சனி விலகிவிடும் என்று பெருந்தன்மையாக ஒத்துக்கொண்டார்.

பேர் வைக்கிற நாள். வீடு நிறைய ஜனம். அப்பா வழியில் மூத்த சுமங்கலி குழந்தையை மடியில் வைத்து, காதில் மூன்று தடவை பேரைச் சொல்ல வேண்டும். அந்த வீட்டில் அது மேஸ்திரியம்மாதான். மருமகளுக்கு அனுமதி கொடுத்த அவசரத்தில் இதை யாருமே யோசிக்கவில்லை. அந்த அம்மா குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். எல்லோரும், “சொல்லுங்க, சொல்லுங்க” என்றார்கள். மேஸ்திரி கேமராவுக்குக் குறுக்கே வந்து, மனைவியின் வாயையே பார்த்துக்கொண்டு குந்திவிட்டார். நான் அவரை நகர்த்தப் பார்த்தேன், முடியவில்லை.

மேஸ்திரியம்மா ஊரை ஒரு பார்வை பார்த்தார். முந்தானையை இழுத்துத் தன் தலையையும் குழந்தை தலையையும் சேர்த்து மூடிக்கொண்டார். உள்ளே என்னவோ நடந்தது. முந்தானை விலகியபோது அந்த அம்மாவின் முகமெல்லாம் சிவந்திருந்தது.

“சொன்னியா?” என்றார் மேஸ்திரி.

“சொன்னேன்.”

“எனக்குக் கேக்கலியே!”

“ஒங்களுக்கா பேரு வெக்கிறாங்க? புள்ளைக்கு வெக்கிறாங்க. புள்ளைக்குக் கேட்டுச்சு.”

“மூணு தடவயும் சொன்னியா?”

“மூணும் சொன்னேன்.”

“நாலாவதா ஒண்ணு வெளிய சொல்லேன்.”

“தோ, எழுந்து போங்க அந்தாண்ட!” என்றார் அந்த அம்மா. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

அத்தோடு மேஸ்திரி திருந்திவிட்டார் என்று நினைத்தால் உங்களுக்கு அவரைத் தெரியவில்லை. மறுநாளே ஸ்டூலில் வந்து உட்கார்ந்தார். “ஒரு பேருக்கு ரெண்டு ஆளு எதுக்கு? மேல இருக்குறவன் கணக்குப் பாப்பான்ல, பழசத்தான் கழிப்பான். என் டர்ன் வந்துச்சு. போச்சு.” ஆனால் வீட்டில் கவிதா, “டேய் ஏகாம்பரம், ஏண்டா அழுவுற?” என்று தொட்டிலைப் பார்த்துக் கத்தும்போதெல்லாம், வாசலிலிருந்து மேஸ்திரிதான் முதலில் ‘ம்’ கொட்டுவார். நானே கேட்டிருக்கிறேன்.

அந்த வருஷக் கடைசியில் நான் ஸ்டுடியோவை மூடிவிட்டுச் சென்னைக்கு வந்துவிட்டேன். அதுவரை மேஸ்திரி வேலை முடிந்து வந்ததும், டீக்கு முன்னால், “அந்த எடத்தப் போடுப்பா” என்பார். எந்த இடம் என்று நான் கேட்டதில்லை. கேசட்டை ஓட்டி, முந்தானை மூடுகிற இடத்தில் விடுவேன். “வால்யூம முழுசா வையி” என்று சொல்லிவிட்டு, எழுந்துபோய் டி.வி. ஸ்பீக்கரில் காதை வைத்துக்கொள்வார். ஏதோ ஒரு பாத்திரம் உருளும் சத்தம். யாரோ ஒரு குழந்தை சிணுங்கும். முந்தானைக்குள் ஒரு முணுமுணுப்பு, அவ்வளவுதான். உடனே அவர் குரலே குறுக்கே விழும்: “சொன்னியா?”

“பாரு, என் வாயே எங்காரியத்தக் கெடுத்துச்சு” என்று நொந்துகொள்வார். பிறகு, “இன்னொரு தடவ போடு. இந்தத் தடவ கேக்கும்” என்பார்.

நான் திருப்பி ஓட்டுவேன். அவர் ஸ்பீக்கரில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டதும், ரோட்டில் போகிற பஸ் சத்தம் உள்ளே வராமல் இருக்க, நான் எழுந்துபோய் ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவேன்.